மேட் மேனியா: ஆர்கேட் பதிப்பிலிருந்து அட்டாரி 7800 வரை முறையாக ஆடிப் பழகுவதற்கான முழுமையான வழிகாட்டி

மேட் மேனியா என்னும் மல்யுத்த வீடியோ ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குபவர்களோடு அமர்ந்து பார்க்கும்போது, அவர்களுள் பெரும்பாலோர் தோற்பது எதிராளியின் பலத்தால் அன்று, செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதால்தான் என்பது தெளிவாகத் தெரிகிறது. திரையும் பொத்தான்களும் சரியாக அமையுமுன்னே போட்டியில் இறங்குகிறார்கள். எந்தப் பொத்தான் எந்த அசைவைத் தருகிறது என்று அறியுமுன்னே வெற்றியைத் தேடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை எழுதியுள்ள வரிசையிலேயே பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் உடன் தந்திருக்கிறேன். காரணம் தெரிந்தால், உங்கள் சாதனம் சற்று வேறுபட்டிருந்தாலும் நீங்களே ஏற்றவாறு மாற்றிக்கொள்ள முடியும்.

1. எந்த ஆட்டம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

டெக்னோஸ் ஜப்பான் நிறுவனம் உருவாக்கிய இந்த ஆர்கேட் ஆட்டம் (கடைகளில் காசு போட்டு ஆடும் எந்திரத்துக்கானது) 1985இல் டைட்டோ வழியாக வெளிவந்தது. ஜப்பானில் இதன் பெயர் எக்சைட்டிங் அவர் (Exciting Hour); வெளிநாடுகளில் மேட் மேனியா. இரண்டும் ஒரே ஆட்டம்தான், ஆகவே இவற்றுள் எது கிடைத்தாலும் இந்த வழிகாட்டி பொருந்தும்.

1986இல் வந்த மேனியா சேலஞ்ச் இதன் தொடர்ச்சி. அது தனி ஆட்டம். அட்டாரி 7800 கன்சோலுக்கு 1990இல் வந்த வீட்டுப் பதிப்பின் பெயர் மேட் மேனியா சேலஞ்ச். பெயரில் இரண்டும் கலந்திருப்பதால் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது: வீட்டுப் பதிப்பு மேனியா சேலஞ்சை அடிப்படையாகக் கொண்டது, 1985ஆம் ஆண்டின் ஆட்டத்தை அன்று. 1985ஆம் ஆண்டின் ஆட்டத்தில் வரும் ஐந்து எதிராளிகளை எதிர்பார்த்து அந்தக் கார்ட்ரிட்ஜை (கன்சோலில் செருகும் ஆட்டப் பேழையை) வாங்குபவர் ஏமாந்துபோவார்.

அதே நிறுவனம் இதற்குமுன் உருவாக்கி, டேட்டா ஈஸ்ட் வெளியிட்ட டேக் டீம் ரெஸ்ட்லிங் என்னும் ஆட்டத்தையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் எதிராளியைப் பிடித்தவுடன் திரையில் தோன்றும் பட்டியலிலிருந்து, குறுகிய நேரத்திற்குள் ஓர் அசைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேட் மேனியாவில் அப்படிப் பட்டியல் எதுவும் வராது. ஜாய்ஸ்டிக்கும் பொத்தானும் நேரடியாக அசைவாக மாறுகின்றன. டேக் டீம் ஆடிய கையோடு இங்கு வருபவர்கள் பிடி விழுந்ததும் பட்டியலுக்காகக் காத்திருப்பார்கள். அந்தத் தயக்கத்திலேயே பிடி எதிராளிக்குச் சாதகமாகிவிடும்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

முதலில் ஆட்டத்தைப் பெறும் வழியைத் தீர்மானியுங்கள். நிண்டெண்டோ ஸ்விட்ச் அல்லது பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்களுக்கு, ஹாம்ஸ்டர் நிறுவனத்தின் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசையில் வந்த பதிப்பே நேரான வழி. உரிமை பெற்று விற்கப்படுவது, கோப்புகளைத் தேட வேண்டியதில்லை, திரை விகிதமும் சரியாகவே வரும். அந்த வழியில் செல்பவர்கள் மூன்றாம் படியைத் தாண்டிவிடலாம்.

கணினியில் ஆட விரும்புபவர்களுக்கு மேம் (MAME) எமுலேட்டர், அதாவது ஆர்கேட் எந்திரத்தைப் போலவே கணினியை இயங்கச் செய்யும் மென்பொருள், வேண்டும். எமுலேட்டர் இலவசம், ஆனால் ஆட்டத்தின் ரோம், அதாவது எந்திரத்தின் சிப்களிலிருந்து எடுத்த ஆட்டத் தரவு, காப்புரிமைக்கு உட்பட்டது. சொந்தமாக வைத்திருக்கும் ஆர்கேட் மின்சுற்றுப் பலகையிலிருந்து எடுத்ததையோ, உரிமையுடன் பெற்றதையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

எட்டுத் திசைகளிலும் நகரும் ஜாய்ஸ்டிக் அல்லது தெளிவான திசைப்பலகை உள்ள கேம்பேட் கட்டாயம் வேண்டும். விசைப்பலகையில் ஆடலாம் என்று நினைப்பவர்கள் ஐந்தாம் படியைப் படித்துவிட்டு முடிவெடுக்கவும். இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துவையுங்கள். இதைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். ஏழாம் படி முழுவதும் அதை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது.

3. ரோம் தொகுப்பைச் சரியாக அமர்த்துதல்

மேமில் ஒவ்வோர் ஆர்கேட் ஆட்டமும் ஒரு ஜிப் கோப்பாக இருக்கும். அதைப் பிரிக்காமல் அப்படியே ரோம்களுக்குரிய கோப்புறையில் வையுங்கள். பிரித்து வைத்தாலும் சில அமைப்புகளில் ஓடும். ஆனால் எதிலோ ஒன்று விடுபட்டால் எது விடுபட்டது என்று கண்டுபிடிப்பது கடினமாகும்.

ஜிப்பின் பெயரை மாற்றவே கூடாது. எமுலேட்டர் ஆட்டத்தை அடையாளம் காண்பது அந்தக் குறும்பெயரால்தான். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று முழுப் பெயரை இட்டுவைப்பவர்கள், ஆட்டம் பட்டியலில் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

மேமின் கணக்கில் மேட் மேனியா தாய்த் தொகுப்பு. எக்சைட்டிங் அவர் அதன் கிளைத் தொகுப்பு. கிளை மட்டும் கையில் இருந்தால், பொதுவான சிப்களின் தரவு தாய் ஜிப்பில் இருப்பதால் ஆட்டம் தொடங்காது. ஆகவே ஜப்பானியப் பதிப்பை ஆட விரும்பினாலும் இரண்டு ஜிப்களையும் ஒரே கோப்புறையில் வைத்திருங்கள். மேனியா சேலஞ்ச் இவற்றோடு சேராது. அதற்கென்று தனி ஜிப் உண்டு.

அடுத்து, எமுலேட்டரில் உள்ள ரோம் சரிபார்ப்பு வசதியை ஓடவிட்டு, தொகுப்பு முழுமையானது என்ற விடை வந்த பிறகே மேலே செல்லுங்கள். மேமின் பதிப்புகள் மாறும்போது சில தொகுப்புகளில் இருக்க வேண்டிய கோப்புகளும் மாறுகின்றன. பழைய பதிப்புக்குரிய ஜிப் புதிய பதிப்பில் குறையுள்ளதாகக் காட்டப்படுவது இதனால்தான். அந்நிலையில் எமுலேட்டரின் அமைப்புகளைக் கிளறுவதால் பயனில்லை. இரண்டின் பதிப்புகளையும் பொருத்துவதே தீர்வு.

4. திரையும் தாமதமும்

இன்றைய தொலைக்காட்சிகள் அகலத் திரைகள். படத்தை இழுத்துத் திரை முழுவதும் நிரப்பும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இது அழகுக்காகச் சொல்வதன்று. எதிராளிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் அளந்தே இந்த ஆட்டத்தை ஆட வேண்டியிருக்கிறது. பக்கவாட்டில் இழுக்கப்பட்ட படத்தில் இடமிருந்து வலமாக உள்ள தூரமும் மேலிருந்து கீழாக உள்ள தூரமும் வெவ்வேறு அளவில் தெரிவதால், உதை எட்டும் தூரத்தைக் கணிக்கவே முடியாது.

பிறகு தாமதத்தைக் குறையுங்கள். தொலைக்காட்சியில் கேம் மோடு என்னும் அமைப்பை இயக்குங்கள். படத்தை மெருகேற்றும் வசதிகள் ஒவ்வொரு காட்சியையும் சற்றுத் தேக்கி வைத்தே வெளியிடுகின்றன. மேமில் தாமதத்தைக் குறைப்பதற்கென ஓர் அமைப்பு இருக்கிறது, அதையும் இயக்குங்கள். எஃப்11 விசையை அழுத்தினால் ஓடும் வேகம் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். அது 100 என்ற எண்ணில் நிலையாக நிற்க வேண்டும். 95க்கும் 100க்கும் இடையில் ஊசலாடினால் முதலில் படத்தின் மேல் இடப்பட்டுள்ள அலங்கார வடிகட்டிகளை நீக்குங்கள்.

தாமதத்தைச் சரிசெய்யாமல் பழகுவதில் ஒரு பெரிய கேடு உண்டு. உங்கள் கை அந்தத் தாமதத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். பிறகு வேறு திரையில் ஆடும்போது எல்லா அசைவுகளும் நேரம் தவறிப்போகும்.

5. பொத்தான்களை ஒதுக்குதல்

ஆட்டத்திற்கு ஒரு ஜாய்ஸ்டிக்கும் இரண்டு பொத்தான்களும் மட்டுமே தேவை: ஒன்று குத்துக்கு, மற்றொன்று உதைக்கு. எமுலேட்டரில் டேப் விசையை அழுத்தினால் பட்டி தோன்றும். அங்கே எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான உள்ளீட்டு அமைப்பு ஒன்றும், இந்த ஆட்டத்துக்கு மட்டுமான அமைப்பு ஒன்றும் இருக்கும். இரண்டாவதில்தான் மாற்றம் செய்ய வேண்டும். பொது அமைப்பில் கைவைத்தால் மற்ற ஆட்டங்கள் அனைத்தும் குலைந்துபோகும்.

இரண்டு பொத்தான்களும் ஒரே கட்டைவிரலுக்கு எட்டும்படியாக, அடுத்தடுத்து இருக்கட்டும். ஒன்றைத் தோள் பொத்தானில் வைத்தால் இரு விரல்களுக்கும் இடையே நேர வேறுபாடு வரும்.

கேம்பேடில் சுழலும் குச்சியைவிடத் திசைப்பலகையே மேல். பிடிக்குள் இருக்கும்போது திசை தெளிவாக ஒன்றாக இருக்க வேண்டும். சுழலும் குச்சி முன்பக்கம் தள்ளும்போதே சற்று மேலும் சாய்ந்து, நீங்கள் நினைக்காத மூலைத் திசையைப் பதிவு செய்துவிடும். வேண்டிய அசைவு சில சமயம் மட்டும் வருகிறது என்று புதியவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

விசைப்பலகையில் மேமின் இயல்பான அமைப்பில் அம்புக்குறி விசைகள் திசைக்கும், கன்ட்ரோல், ஆல்ட் விசைகள் பொத்தான்களுக்கும் அமைந்திருக்கும். பல மலிவு விலைப் பலகைகள் இரண்டு அம்புக்குறிகளோடு மூன்றாவது விசையையும் ஒருசேர அழுத்தும்போது அதை உணர்வதில்லை. விசைப்பலகையையே நம்பியிருப்பவர்கள் பொத்தான்களை இசட், எக்ஸ் விசைகளுக்கு மாற்றிவிட்டு, எல்லாத் திசைகளோடும் சேர்த்துச் சோதித்துக்கொள்ளவும். காசு போடுவதற்கு 5, ஆட்டம் தொடங்குவதற்கு 1.

6. கடினத்தன்மையைத் தீர்மானித்தல்

அசல் பலகையில் கடைக்காரர் மாற்றுவதற்காக வைத்திருந்த டிப் சுவிட்சுகள் எமுலேட்டரின் பட்டியிலும் இருக்கும். கடினத்தன்மையை மிக எளிய நிலைக்கு மாற்றிவிட்டு எஃப்3 விசையால் ஆட்டத்தை மீண்டும் தொடக்குங்கள். பலகை இந்தச் சுவிட்சுகளைப் பொதுவாக இயங்கத் தொடங்கும்போதுதான் படிக்கிறது என்பதால், மீண்டும் தொடக்காமல் மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

எளிய நிலையில் பழகுவது குறைவு என்று எண்ண வேண்டியதில்லை. அடுத்த படியில் உங்களுக்கு வேண்டியது வெற்றியன்று, நேரம்.

7. அசைவு அட்டவணையை நீங்களே எழுதுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். இதைச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஆட்டத்தில் தெரியும் வேறுபாடு மிகப் பெரியது. பொத்தான்களை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே முதல் எதிராளியை வென்றுவிடலாம். அதன்பின் அந்தப் பழக்கமே தடையாக நிற்கும்.

ஆயத்த அட்டவணை ஒன்றை இங்கே தராமல் உங்களையே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆர்கேட் பதிப்பு, அதன் தொடர்ச்சி, வீட்டுப் பதிப்பு மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒன்றுக்கு எழுதியதை மனப்பாடம் செய்தவர் மற்றொன்றில் தடுமாறுகிறார். எழுதும் முறையைக் கற்றவருக்கு மூன்றுமே கைவசப்படும்.

முதல் எதிராளியான இன்சேன் வாரியரோடு போட்டி தொடங்கிய உடனே, எமுலேட்டரின் நிலைச் சேமிப்பு வசதியால் அந்தத் தருணத்தைப் பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அங்கேயே திரும்பலாம். ஆர்கேட் ஆர்கைவ்ஸ் பதிப்பில் ஆடுபவர்கள் இயல்பு முறையில் ஆட்டத்தை இடைநிறுத்திச் சேமிக்கும் வசதியை இதற்குப் பயன்படுத்தலாம்.

நோட்டில் ஆறு நிலைகளை இடப்பக்கம் எழுதுங்கள்: எதிராளி எட்டத்தில் நிற்பது, இருவரும் பிடிக்குள் இருப்பது, எதிராளி தரையில் கிடப்பது, யாரேனும் ஓடிக்கொண்டிருப்பது, மூலைத் தூணருகே நிற்பது, ரிங்குக்கு வெளியே இருப்பது. ஒரே பொத்தான் இந்த ஒவ்வொரு நிலையிலும் வேறு வேலை செய்வதால், பொத்தானை நினைவில் வைப்பதைவிட நிலையை நினைவில் வைப்பதே முக்கியம்.

பிடி நிலைக்கு மட்டும் விரிவாக எழுத வேண்டும். திசை எதையும் தொடாமல், எதிராளியை நோக்கி, எதிராளிக்கு எதிர்ப்புறமாக, மேலே, கீழே என்று ஐந்து வகை. ஒவ்வொன்றோடும் குத்து, உதை என்று இரண்டு. மொத்தம் பத்துக் கட்டங்கள். பிடி விழுவதற்கு முன்பே திசையைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, பிடி விழுந்தவுடன் பொத்தானை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். பலமுறை தட்டினால் எந்தத் தட்டு அசைவாக மாறியது என்று தெரியாது. எழுதுவதற்கும் ஒன்றும் இராது.

திசையை எழுதும்போது இடம், வலம் என்று எழுதாமல் எதிராளியை நோக்கி, எதிர்ப்புறமாக என்றே எழுதுங்கள். இருவரும் பக்கம் மாறிய பிறகு இடம், வலம் என்ற குறிப்புகள் பொருளற்றுப்போகும். பத்துக் கட்டங்களையும் இரு பக்கங்களிலிருந்தும் சோதித்த பிறகே ஒரு கட்டத்தை உறுதியானதாகக் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று செய்திகளைக் குறியுங்கள்: என்ன அசைவு வந்தது, எதிராளி எழுவதற்கு எவ்வளவு நேரமாயிற்று, அசைவு முடிந்ததும் நீங்கள் எங்கே, எந்தத் திசை பார்த்து நிற்கிறீர்கள். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் மிகப் பலமான வீச்சைவிட, முடிந்தவுடன் எதிராளிக்கு அருகிலேயே உங்களை நிறுத்தும் நடுத்தர வீச்சே பெரும்பாலும் பயனுள்ளது. ஏனெனில் அடுத்த அசைவுக்கு நடந்து செல்லும் நேரம் மிச்சமாகிறது.

அட்டவணை நிறைந்ததும் அதிலிருந்து மூன்று அசைவுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்: எட்டத்திலிருந்து ஒன்று, பிடிக்குள் இரண்டு. அந்த மூன்றையும் நோட்டைப் பார்க்காமல் செய்ய வரும்வரை நான்காவதைத் தொட வேண்டாம். நீச்சல் கற்பவர் முதலில் மூச்சை ஒழுங்குபடுத்துவதைப் போல, இங்கே முதலில் ஒழுங்குக்கு வர வேண்டியது கை.

8. கயிறுகள், மூலைகள், வெளிப்புறம்

மூன்று அசைவுகள் கைவந்த பிறகே ரிங்கின் இடங்களைப் பயன்படுத்தத் தொடங்குங்கள். ஓடி வந்து தாக்குவதும் மூலைத் தூணின் மேலிருந்து பாய்வதும் கண்ணைக் கவரும். அதனாலேயே புதியவர்கள் முதல் நிமிடத்திலேயே அவற்றை முயல்கிறார்கள். எதிராளி நின்றுகொண்டிருக்கும்போது மூலையில் ஏறுவதால் பயன் இல்லை. ஏறுவதற்கும் குதிப்பதற்கும் ஆகும் நேரத்தில் அவர் நகர்ந்துவிடுவார்.

ஆகவே முதலில் ஏழாம் படியின் அட்டவணையிலிருந்து எதிராளியை நீண்ட நேரம் தரையில் கிடத்தும் அசைவு எது என்று பாருங்கள். அதை மூலைக்கு அருகில் வைத்துச் செய்யுங்கள். பிறகு ஏறுங்கள். இடத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுப்பதுதான் இதில் திறமை.

ரிங்கைவிட்டு வெளியேறினால் நடுவர் எண்ணத் தொடங்குவார். வெளியே கிடைக்கும் சிறு அனுகூலத்திற்காக எண்ணிக்கையை மறப்பவர்கள் பலர். எண்ணிக்கை பாதியைத் தொடும்போதே உள்ளே திரும்பும் பாதையில் இருக்க வேண்டும் என்று ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏறுவதற்கும் நேரம் பிடிக்கும் என்பதை அந்த விதியில் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறேன்.

9. பின்ஃபாலும் கடிகாரமும்

எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி நடுவர் மூன்று எண்ணும்வரை பிடித்திருந்தால் வெற்றி; இதுவே பின்ஃபால். புதியவர்கள் இங்கே இருவகையாகத் தவறுகிறார்கள். சிலர் முதல் வீச்சு முடிந்ததுமே பின்ஃபாலுக்கு முயல்கிறார்கள். எதிராளி உதறி எழுகிறார். கடிகாரத்தில் விலைமதிப்புள்ள விநாடிகள் போய்விடுகின்றன. வேறு சிலர் அடித்துக்கொண்டே இருந்துவிட்டு, நேரம் முடியும்போதுதான் பின்ஃபாலை நினைக்கிறார்கள். நேரத்திற்குள் வெல்லாவிட்டால் நீங்கள் தோற்கவில்லை என்பது உதவாது, ஆட்டம் முடிந்துவிடும்.

எப்போது முயல்வது என்பதற்கு அட்டவணையின் இரண்டாவது குறிப்பு உதவும். முதலில் ஒரு வீச்சுக்குப்பின் அவர் எவ்வளவு நேரத்தில் எழுந்தார் என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். அதே வீச்சுக்குப்பின் தெளிவாக அதிக நேரம் கிடக்கும்போது முதல் முயற்சியைச் செய்யுங்கள். அது தோற்றாலும் மேலும் இரண்டு பலமான அசைவுகளுக்குப் பிறகே அடுத்த முயற்சி. தொடர்ந்து முயன்றுகொண்டே இருப்பதில் பலன் இல்லை.

ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் ஒரு கணம் கண் கடிகாரத்துக்குப் போய் வர வேண்டும். எதிராளி தரையில் இருக்கும் வேளையே இதற்கு ஏற்றது. பிடிக்காக நெருங்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பவர் பிடியை இழப்பார்.

10. ஐந்து எதிராளிகளை வரிசையாக அணுகுதல்

இன்சேன் வாரியருக்குப் பின் கராத்தே ஃபைட்டர், கோகோ சாவேஜ், தி பிரானியா ஆகியோர் வருகிறார்கள். பட்டத்தை வைத்திருப்பவர் கோல்டன் ஹல்க். அவரை வென்றால் பட்டம் உங்களுக்கு. ஆனால் ஆட்டம் அங்கே நிற்பதில்லை: அதன்பின் பட்டத்தைக் காத்துக்கொள்ளும் போட்டிகள் தொடர்கின்றன, பழைய எதிராளிகளே கூடுதல் வலிமையோடு திரும்பி வருகிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். புதிய எதிராளியோடு முதல் போட்டியில் வெற்றியைக் குறியாகக் கொள்ளாமல், அவர் எட்டத்திலிருந்து எதைச் செய்கிறார், பிடி விழுந்தவுடன் எவ்வளவு விரைவில் முந்துகிறார், எந்த வேளையில் ஓடத் தொடங்குகிறார் என்ற மூன்றை மட்டும் கவனியுங்கள். முந்தைய எதிராளியிடம் வெற்றி தந்த அசைவு இவரிடம் தவறுவதைக் கண்டு கலங்க வேண்டாம். பெரும்பாலும் அசைவு தவறானதன்று, அதைத் தொடங்கும் தூரமே மாற வேண்டியிருக்கும்.

நிலைச் சேமிப்பை இந்தக் கட்டத்தில் கட்டுப்படுத்துங்கள். ஒவ்வோர் எதிராளியின் தொடக்கத்தில் மட்டும் சேமிக்கலாம். போட்டியின் நடுவில் சேமித்து, தவறியவுடன் பின்னோக்கிச் செல்வது உங்களைத் தவறிலிருந்து மீளக் கற்க விடாது. கோல்டன் ஹல்க்கிடம் எல்லோரும் ஒருமுறையேனும் பிடியை இழப்பார்கள். அதிலிருந்து எழுந்து நிற்கும் பழக்கம் இருந்தால்தான் பட்டம் கைக்கு வரும்.

பட்டத்தை ஒருமுறை வென்றபின் கடினத்தன்மையை ஒரு நிலை உயர்த்துங்கள். ஆர்கேட் ஆர்கைவ்ஸில் ஆடுபவர்கள் இப்போது ஹை ஸ்கோர் முறைக்குச் செல்லலாம். ஐந்து நிமிடத்திற்கு மட்டுமான கேரவன் முறை இந்த ஆட்டத்தைக் கற்பதற்கு ஏற்றதன்று என்பது என் கருத்து. அது அவசரத்தைப் பழக்குகிறது. இங்கே வேண்டியது நிதானம்.

11. மேனியா சேலஞ்ச்: இருவர் ஆடும்போது

தொடர்ச்சியில் இருவர் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடலாம். இதைத் தொடங்குமுன் இரண்டாவது ஆட்டக்காரரின் பொத்தான்களையும் ஐந்தாம் படியின்படி அமையுங்கள். இரண்டு கேம்பேடுகளும் ஒரே வகையாக இருப்பது நல்லது. ஒரே விசைப்பலகையில் இருவர் ஆடுவது வேண்டாம்; முன்பு சொன்ன விசைச் சிக்கல் அங்கே இரட்டிப்பாகும்.

பிடி அட்டவணையின் பத்துக் கட்டங்களையும் மீண்டும் சோதியுங்கள். நண்பர் ஒருவர் அசையாமல் நின்று உதவினால் இந்தச் சோதனை மிக விரைவில் முடியும்.

12. அட்டாரி 7800: சாதனத்தைத் தயார்செய்தல்

வீட்டுப் பதிப்புக்கு மூன்று வழிகள்: அசல் கன்சோல், அண்மையில் வந்த புதிய கன்சோல், எமுலேட்டர்.

அமெரிக்காவிலிருந்து வரும் அசல் 7800க்கு, இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்கள் இரண்டு தடைகளை எதிர்கொள்வார்கள். அதனோடு வரும் மின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். கன்சோலுக்கு வேண்டியது 9 வோல்ட் நேர்மின்சாரம். ஆனால் அதன் செருகி அட்டாரிக்கே உரிய தனி வடிவம் என்பதால் சந்தையில் கிடைக்கும் சாதாரண அடாப்டர் பொருந்தாது. ஆகவே தரமான மின்மாற்றி ஒன்றை இடையில் வைப்பதே பாதுகாப்பானது.

இரண்டாவது தடை படம். மாற்றியமைக்கப்படாத 7800 ஆன்டெனா வழிச் சமிக்ஞையை மட்டுமே தருகிறது, அதுவும் அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சியில். நம் நாட்டுத் தொலைக்காட்சிகளின் ட்யூனர்கள் பால் (PAL) என்னும் வேறு முறைக்கானவை. படம் வரவில்லை அல்லது கறுப்பு வெள்ளையாக உருளுகிறது என்றால் கன்சோல் பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முறை பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

2023இல் வந்த அட்டாரி 2600+, 2024இல் வந்த 7800+ ஆகிய இரண்டும் எச்டிஎம்ஐ வழியே படம் தருவதால் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டுமே பழைய 7800 கார்ட்ரிட்ஜ்களை ஏற்பவை. எனினும் வாங்குமுன் நிறுவனத்தின் பொருந்தும் பட்டியலில் இந்த ஆட்டம் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும். 2600+ வாங்குபவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: அதனோடு வரும் ஜாய்ஸ்டிக்கில் ஒரே பொத்தான்தான் உள்ளது. இரண்டு பொத்தான்களைத் தனித்தனியே அறியும் 7800 கட்டுப்படுத்தியை வேறாக வாங்க வேண்டும். ஒன்பது முள் செருகி பொருந்துகிறதே என்று வேறு நிறுவனத்தின் பழைய கேம்பேடைச் செருகுவதும் பயன் தராது. இரண்டு பொத்தான்களைப் பிரித்து அறிய 7800 தனக்கென ஒரு மின்முறையைக் கையாள்கிறது.

கார்ட்ரிட்ஜ் தொடங்காவிட்டால் முதலில் அதன் தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு செருகுங்கள். வாயால் ஊதக் கூடாது. ஈரம் உலோகத்தை அரிக்கும்.

எமுலேட்டர் வழியில் செல்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 7800 ரோம் கோப்புகளின் தலைப்பகுதியில் கட்டுப்படுத்தி வகையும் தொலைக்காட்சி முறையும் பதிவாகியிருக்கும். அந்தத் தலைப்பகுதி தவறாக இருந்தால் பொத்தான்களில் ஒன்று வேலை செய்யாமலோ, ஆட்டத்தின் வேகம் மாறியோ இருக்கும். என்டிஎஸ்சியில் நொடிக்கு சுமார் 60 காட்சிகள், பாலில் 50. என்டிஎஸ்சிக்கான ஆட்டம் பால் முறையில் ஓடினால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். அதில் பழகிய நேரக்கணக்கு சரியான வேகத்தில் உதவாது.

13. வீட்டுப் பதிப்பில் மீண்டும் முதலிலிருந்து

நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, 7800க்கான அட்டவணையைத் தனியே எழுதுங்கள். ஆர்கேட் அட்டவணையை அருகில் வைத்து ஒப்பிட வேண்டாம். அதைப் பார்த்தால் இங்கும் அப்படியே இருக்கும் என்ற எதிர்பார்ப்பு வந்து, கண்ணால் கண்டதைக்கூடத் தவறாக எழுதிவிடுவீர்கள்.

ஒலியை நம்பி நேரம் கணித்தவர்கள் இங்கே சற்றுச் சிரமப்படுவார்கள். 7800இல் தனி ஒலிச் சிப் கிடையாது. அட்டாரியின் முந்தைய கன்சோலான 2600இன் டிஐஏ சிப்பே ஒலியைத் தருவதால், கார்ட்ரிட்ஜிலேயே கூடுதல் ஒலிச் சிப் வைத்த மிகச் சில ஆட்டங்களைத் தவிர மற்றவற்றில் ஓசைகள் எளிமையானவை. வீச்சு பட்டதா என்பதைக் காதால் அறியாமல், எதிராளியின் உடல் அசைவைப் பார்த்தே அறியப் பழகுங்கள்.

இருவர் ஆடுவதாக இருந்தால், அசல் 7800இன் புரோலைன் ஜாய்ஸ்டிக்கை இருவருமே நீண்ட நேரம் பயன்படுத்த வேண்டாம். அதன் பக்கவாட்டுப் பொத்தான்கள் கையை விரைவில் சோர்வடையச் செய்கின்றன. சோர்ந்த கை பிடியில் திசையைத் தவறவிடும். ஐரோப்பாவில் விற்கப்பட்ட 7800 கேம்பேடோ, 7800+ உடன் வரும் கேம்பேடோ இரண்டு கிடைத்தால் அவற்றையே இருவரும் பயன்படுத்துங்கள். ஒன்றுதான் கிடைத்தது என்றால் ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் கைமாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு பதிப்புகளையும் ஒரே நாளில் மாறி மாறி ஆடுவதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். ஒன்றின் பிடி அட்டவணை நோட்டைப் பார்க்காமல் வரத் தொடங்கிய பிறகு மற்றொன்றை எடுங்கள். அப்போதுதான் இரண்டும் கையில் தனித்தனியே தங்கும்.